மலைய பத்திரத்துல தேடின புத்தகம்

ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டு கெடந்தது, நேத்து ராத்திரி ஒருவழியா முடிச்சேன். கிறிஸ் விக்காம்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எழுதின ‘தி மவுன்டன்ஸ் அண்ட் த சிட்டி’, 1988ல வந்தது. இத்தாலியில டஸ்கனி பக்கத்து அபெனைன் மலையில ரெண்டே ரெண்டு பள்ளத்தாக்கு, லூக்கா நகரத்துக்கு மேல கார்ஃபன்யானா, அரெட்ஸோ நகரத்துக்கு மேல காசென்டீனோ, 8ஆம் நூற்றாண்டுல இருந்து 12 வரைக்கும் அங்க இருந்த சனங்க கதை.

மலைக்காரன்னாலே ஆடு மேய்ச்சுக்கிட்டு எவனுக்கும் அடங்காம தனியா கெடப்பான்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிரோடெல் மாதிரி பெரிய ஆளே மலைய தனி உலகமாத்தான் பார்த்தார், விக்காம் அதைத்தான் போட்டு ஒடைக்கறார். அந்தக் காலத்துல அங்கயும் கீழ மாதிரியே தானியம், திராட்சைன்னு கலந்து வெள்ளாமை பண்ணியிருக்காங்க, மேய்ச்சலே பொழப்புன்னு ஆனது பின்னாடி, சந்தையில வித்து தானியம் வாங்கிக்கலாம்னு ஆனப்புறம்தான். அதாவது கீழ இருக்கற நகரத்தோட ஒறவு கூடக்கூடத்தான் மலை ‘மலை மாதிரி’ ஆகுது! இந்த எடத்துல புத்தகத்த மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்தேன்.

இதுக்கெல்லாம் ஆதாரம் என்னன்னா நிலப் பத்திரம். லூக்கா பிஷப் ஆவணக் காப்பகத்துல கி.பி. 1000க்கு முந்தினதே 1,800க்கு மேல இருக்கு. ஒரு முனை பொது வழியில முட்டுது, ஒரு பக்கம் இன்னாரு நிலம்னு எல்லை சொல்லியிருப்பாங்க, நம்ம மூலப்பத்திரத்துல செக்குபந்தி படிச்சவங்களுக்கு சட்டுனு புரியும். கார்ஃபன்யானா நிலமெல்லாம் லூக்கா பிஷப் பக்கமா சாயுது. காசென்டீனோ வேற மாதிரி, அங்க கமால்டோலி மாதிரி மடங்களுக்கு சின்ன நிலக்காரங்க துண்டு துண்டா எழுதி வெக்கறாங்க, பக்கத்து நிலக்காரன் பேரு, சாட்சி பேருன்னு கோத்து கோத்துத்தான் விக்காம் அந்த சமூகத்தையே கண்ணு முன்னாடி நிறுத்தறார்.

குறைன்னா, ஈஸியான வாசிப்பு இல்ல, வரிசையா பேருங்க வந்து தலை சுத்தும். அடுப்படி, பாட்டு, திருவிழா எதுவும் பெருசா கிடையாது, பத்திரத்துல அதெல்லாம் எங்க இருக்கப் போகுது. நான் வாங்கின பழைய காப்பிய ‘புதுசு மாதிரி’ன்னு சொல்லித்தான் வித்தாங்க, பாதிப் பக்கம் மஞ்ச மார்க்கர். ஆனா கோடு போட்ட ஆள் கார்ஃபன்யானாவோட நின்னுட்டார் போல, காசென்டீனோ பக்கமெல்லாம் சுத்தமா இருந்துச்சு.