நைரோபியில் ஆன்லைன் துணிக்கடை நடத்துகிறீர்களா? ‘கேமரா பேல்’ விற்கும் இந்த ஆட்களிடம் எச்சரிக்கை

கென்யாவில் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகத் துணி விற்கும் நம் ஆட்களும், விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கடைசிவரை படியுங்கள். நைரோபியில் ஒரு பேல் வியாபாரி என்னிடம் 84,000 ஷில்லிங் வாங்கிக்கொண்டு, விற்கவே முடியாத கழிவுத் துணியைக் கட்டி அனுப்பிவிட்டார். அதே ஆள் அதே முறையில் இன்னும் சில பெண்களையும் ஏமாற்றியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. புகார் போலீஸில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர் வியாபாரம் தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த துணியைத் தரம் பிரித்து, இயந்திரத்தில் அழுத்தி, பட்டை போட்டுக் கட்டி மொம்பாசா துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். இதற்கு இங்கே மிதும்பா என்று பெயர். ஒரு கட்டுதான் பேல், பெரும்பாலும் 45 கிலோ. நைரோபியின் கிகோம்பா சந்தையில் பொழுது விடியும்போது பேலைப் பிரிப்பார்கள். முதலில் கைக்குக் கிடைக்கும் நல்ல உருப்படிகளைக் ‘கேமரா’ என்பார்கள். எல்லாரும் பொறுக்கிய பிறகு அடியில் கிடப்பது ‘ஃபாகியா’, அதாவது பெருக்கித் தள்ளுவது. இங்கே ஆன்லைனில் உடை விற்கும் பல பெண்கள் விடியற்காலையில் போய்க் கேமரா உருப்படிகளைப் பொறுக்கி வந்து, துவைத்து, இஸ்திரி போட்டு, படம் பிடித்து ஒவ்வொன்றாக விற்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உழைப்பு அதிகம், ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு வாங்குவதால் நஷ்டம் குறைவு.

சிக்கல் வருவது கடை வளரும்போதுதான். கிசுமு, நகுரு, எல்டோரெட் என்று வெளியூரிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தால், தினமும் சந்தையில் பொறுக்கி வருவது போதாது. முழுப் பேலாக வாங்கினால் ஓர் உடுப்புக்கு ஆகும் அடக்க விலையும் குறையும். இந்த ஆட்கள் நம்மைப் பிடிப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

என்னைப் பிடித்தவருடைய பக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குடோனில் பேல் அடுக்கியிருக்கும் காணொளி, பட்டையை வெட்டிப் பளபளவென்ற கவுன்களை எடுத்துக் காட்டும் காணொளி, வாங்கியவர்கள் நன்றி சொல்லும் ஸ்கிரீன்ஷாட். முதல் தடவை ஒரே ஒரு பேல் கேட்டேன். கிகோம்பாவில் ஒரு கடைக்கு வரச்சொல்லி, என் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். நல்ல சரக்கு. பணத்தையும் கடையின் டில் நம்பருக்கே (கடைப் பெயரில் பணம் வாங்கும் எண்) வாங்கினார், எம்பெசாவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) கடைப் பெயரும் சரியாக வந்தது. ரசீதும் கொடுத்தார். அந்தக் கடை அவருடையதே இல்லை, தெரிந்தவர் கடையில் நின்று விற்றிருக்கிறார் என்பதைப் பின்னால் பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார். முதல் பேலை நல்லதாகக் கொடுப்பது அவருக்கு ஒரு முதலீடு. மற்ற பெண்களுக்கும் முதல் பேல் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

அப்புறம் டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் புதுசு எடுக்கும் காலம், வருஷத்திலேயே வியாபாரம் சூடாக இருக்கும் மாதம். “மொம்பாசாவில் கண்டெய்னர் கிளியர் ஆகிவிட்டது மம்மா, கனடா கவுன், எல்லாம் கேமரா, உங்களுக்கென்று மூன்று பேல் ஒதுக்கி வைத்திருக்கிறேன், சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் உகாண்டாக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்” என்று போன் செய்தார். பாதிப் பணம் முன்பணம். இந்தத் தடவை டில் நம்பர் கொடுக்கவில்லை. “டில்லில் இன்று ஏதோ கோளாறு, தம்பி நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்” என்றார். வேறொரு பெயர் வருகிறதே என்று கேட்டதற்கு, வியாபாரத்தில் பங்குதாரர் என்றார்.

சரக்கு சொன்ன நாளில் வரவில்லை. கேட்டால், கிகோம்பாவில் தீப்பிடித்துவிட்டது, பாதை அடைத்திருக்கிறது என்றார். அங்கே தீ விபத்து அடிக்கடி நடக்கிற ஒன்று. 2018 ஜூனில் நடந்த விபத்தில் 15 பேர் இறந்தார்கள். அதனால் அங்கே தீ என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள், என்ன ஆச்சோ என்றுதான் கேட்பார்கள். செத்தவர்களும் கடையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கும் ஒரு சந்தையின் துயரத்தைச் சாக்காக எடுத்தாரே என்பது பணம் போனதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது.

கடைசியில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. மீதிப் பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இறக்குவேன் என்று ஓட்டுநர் நின்றார். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். “நான் வண்டிக்காரன், எனக்கு ஒன்றும் தெரியாது, முதலாளியிடம் பேசுங்கள்” என்றார். முதலாளி போனில், இன்னும் இரண்டு இடத்தில் சரக்கு இறக்க வேண்டும், வண்டி திரும்பிப் போனால் முன்பணமும் கிடையாது என்றார். அனுப்பினேன்.

பிரித்தபோது மேலே ஓர் அடுக்கு நல்ல கவுன்கள். அதற்குக் கீழே காலர் கிழிந்த ஸ்வெட்டர், ஜிப் போன ஜாக்கெட், பாதி பெட்ஷீட், குழந்தைகளின் ஒற்றைக் காலுறை. நடுவில் ஈரம் காயாத கனமான குளிர் கோட்டுகள், எடை காட்டுவதற்கு. மூன்று பேலிலும் இதே கதை. வெளிநாட்டிலிருந்து கட்டி வரும் பேலில் பட்டைகள் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கும், அனுப்பிய நிறுவனத்தின் அட்டையில் வகை, தரம், எடை எல்லாம் அச்சாகியிருக்கும். எனக்கு வந்தவற்றில் மேல் உறை பழசு, பட்டை மட்டும் புதுசு. அட்டை ஒரு பக்கம் கிழிந்து டேப்பால் ஒட்டியிருந்தது. உண்மையான பேலைப் பிரித்து நல்லதை எடுத்துக்கொண்டு, கழிவைத் திணித்து மறுபடி கட்டுகிறார்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். “பேல் என்றால் பஹாத்தி நசீபு, அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, விற்ற சரக்கு திரும்பாது” என்று ஒரு குரல்பதிவு வந்தது. அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இந்த அதிர்ஷ்டப் பேச்சை நம்பாதீர்கள். பேலில் அளவு முன்பின் இருக்கும், சில உருப்படியில் கறை இருக்கும், கேட்ட நிறம் வராது. நேர்மையான வியாபாரிகள் அதை முன்கூட்டியே சொல்வார்கள், அது ஏற்றுக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் கேமரா என்று சொல்லி ஃபாகியாவைக் கட்டுவது மோசடி. விற்பவர் சொன்ன விவரத்துக்குச் சரக்கு ஒத்திருக்க வேண்டும் என்று கென்யாவின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. ‘விற்ற சரக்கு திரும்பாது’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் இப்படிப்பட்ட மோசடி செல்லுபடியாகிவிடாது.

பணத்தைத் திருப்ப முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எம்பெசா செய்தியை 456க்கு அனுப்பித் திருப்பக் கேட்கும் வசதி, எண் தவறிப் போன பணத்துக்கு. நாமே தெரிந்து அனுப்பிய பணத்துக்கு, அதுவும் எதிராளி உடனே எடுத்துவிட்டால், அதனால் பயன் இல்லை. காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரைப் பதிந்து ஓபி நம்பர், அதாவது காவல் நிலையப் பதிவேட்டு எண், வாங்கினேன். அந்த நம்பர் இல்லாமல் அடுத்த எந்த வேலையும் நகராது. சிறு வழக்கு நீதிமன்றம் ஒன்றும் இருக்கிறது. 2021ல் நைரோபி மிலிமானியில் ஆரம்பித்தார்கள். 10 லட்சம் ஷில்லிங் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே நடத்தலாம், 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு அருமையான இடம். ஆனால் எதிராளியின் உண்மைப் பெயரும் விலாசமும் தெரிந்தால்தானே வழக்குப் போட முடியும்? என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும், சிம் யார் பேரில் இருக்கிறதோ அந்த யாரோ ஒருவரின் பெயரும்தான். அதனால்தான் தனி நம்பருக்குப் பணம் கேட்கிறார்கள்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால்: பதிவு செய்த வியாபாரப் பெயர் என்ன என்று கேளுங்கள், அந்தப் பெயர் டில்லில் வரும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தனி நம்பர் என்றால் ஒரு ஷில்லிங்கூட வேண்டாம், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. இன்ஸ்டாகிராமில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கியது, முன்பு பெயர் மாற்றியிருக்கிறார்களா என்று தெரியும். என்னை ஏமாற்றியவர் இப்போது வேறு பெயரில் அதே காணொளிகளைப் போடுகிறார், அந்தப் பகுதிதான் காட்டிக்கொடுத்தது. அட்டையும் பட்டையும் தெரியும்படி படம் கேளுங்கள். எத்தனை பேல் வாங்கினாலும் ஒவ்வொன்றையும் வண்டி நிற்கும்போதே வெட்டிப் பாருங்கள், நடுப்பகுதி வரை கையை விட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டிசம்பரில் வாங்குகிறவர்களிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. பணம் வந்ததாகப் போலிச் செய்தி அனுப்பிவிட்டு, ‘போடா போடா’ என்ற மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டும் பையனிடம் பார்சலைக் கொடுக்கச் சொல்வார்கள். உண்மையான செய்தி எம்பெசா என்ற பெயரிலிருந்து வரும், சாதாரணப் போன் நம்பரிலிருந்து வராது. செய்தியைப் பார்த்துவிட்டுக் கொடுக்காமல், கணக்கில் இருப்பு ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஓட்டிவரும் பையனிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள், பாவம், பார்சல் போனால் அவன் கூலியில்தான் சிலர் பிடிக்கிறார்கள்.

இதே முறையில் யாராவது உங்களிடம் விற்றிருந்தால், எந்தக் காவல் நிலையம், ஓபி நம்பர் என்ன, பணம் போன நம்பரின் கடைசி நான்கு இலக்கம் என்ன என்பதை எனக்குத் தனியாக எழுதுங்கள். பொதுவில் போட வேண்டாம். இரண்டு பெண்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேரிடமும் அதே நம்பர்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் விசாரணை அதிகாரி ஒரே கோப்பாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.