அடிக்கிற கை: பிறவிக் குணமா, வளர்ப்பா?

"ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும்." இலங்கையில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெரியவர்களே சொல்வது இது. ஆண் மனைவியை அடிப்பது பிறவிக் குணம் என்போரின் வாதம் இதற்குள் அடங்கிவிடும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு: உலகெங்கும் கொலைக் குற்றங்களில் ஆண்களே பெரும்பான்மை.

ஆனால் ஆணின் உடம்பு எங்கும் ஒன்றுதானே? உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வில், துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்கள் ஜப்பானிய நகரொன்றில் 15 சதவீதம். எத்தியோப்பிய மாகாணமொன்றில் 71. இந்த இடைவெளிக்கு ஹார்மோன் பதில் சொல்லாது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டக் கண்காணிப்பாளரான கணக்கப்பிள்ளை எவ்வளவு ஏசினாலும் தலைகுனிந்து நிற்கிறவர், பின்னேரம் கறியில் உப்பில்லை என்று மனைவியை அறைகிறார். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அது பழகிக்கொண்ட பாடம். அதே காம்பராவில், அந்த லயத்து அறையில், மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த காம்பராவில் ரேடியோச் சத்தம் கூடுகிறது. அவள் கொழுந்து பறித்த சம்பளத்தைப் புருஷன் கை நீட்டி வாங்கியபோதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாராயம்தான் காரணம் என்கிறார்கள். குடிக்காமலே அடிக்கிறவர்களும் இருக்கிறார்களே!

நான் வளர்ப்பின் பக்கம்தான். பிறவிக் குணம் என்று விட்டுவிட்டால், அடிபடுகிறவளுக்குப் பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வழி இருக்கிறது: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவள் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம்.