பழைய வண்டியின் ஈசியூ ரிப்பேர்: பெட்டியை வாங்கும் முன்னால் கேள்வி கேட்கும் சேவை

என் வண்டியின் ஈசியூவை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை, தபாலில் வாங்கிச் சரிசெய்து தந்த சேவைக்கான மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று குறைந்தது மூடியில் பூசிய சிலிகானால். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி 1999 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல், ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரத் தனித்தனி காயில். ஓடிக்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று இரண்டாவது சிலிண்டர் படுத்துவிட்டது. ஸ்கேனரில் வந்த கோளாறு எண்கள் பி0302, கூடவே பி0352. முன்னது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிறது, பின்னது அதே சிலிண்டரின் காயில் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. இதைப் பார்த்ததும் காயிலை மட்டும் மாற்றிவிட்டு, அப்புறமும் சரியாகவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு. என் மெக்கானிக் அவசரப்படவில்லை. காயிலுக்குப் போகும் கண்ட்ரோல் வயரில் எல்இடி டெஸ்ட் லைட்டைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். மற்ற மூன்று காயில்களிலும் விளக்கு படபடவென்று மினுக்கியது, இரண்டாவதில் அசைவே இல்லை. ஈசியூ பின்னில் இருந்து காயில் வரை வயர் எங்கும் அறுந்திருக்கவில்லை, காயிலுக்கு 12 வோல்ட்டும் ஒழுங்காக வந்தது. அப்படியென்றால் பெட்டிக்குள் அந்தக் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர்தான் போயிருக்க வேண்டும். எங்கள் பேச்சில் அது 'டிரைவர்'.

இந்த வயதுள்ள என் வண்டிக்குப் புதுப் பெட்டி இப்போது தயாரிப்பில் இல்லை. உடைத்த வண்டியில் இருந்து ஒன்றை எடுக்கலாம் என்றால், பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். வெளியில் கனெக்டர் முதல் போல்ட் ஓட்டை வரை அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கானதாக இருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு. சாவிக்குள் இருக்கும் சிப்பை பெட்டி அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் ஓரிரு நொடியில் அணைந்துவிடும். அந்த அடையாளம் பல பழைய பெட்டிகளில் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன ஈப்ராம் (நினைவக) சிப்பில் இருக்கிறது. 93சி56 வகை என்றால் அதன் மொத்தக் கொள்ளளவே 256 பைட்தான். பழைய பெட்டியில் இருந்து அதைப் படித்து வேறு பெட்டியில் எழுத முடியும், ஆனால் கை தேர்ந்த ஆள் வேண்டும். சொந்தப் பெட்டியையே சரிசெய்தால் இந்த வம்பு எதுவும் இல்லை. சாவியைக் கூட அனுப்ப வேண்டியதில்லை.

தபாலில் வாங்கிச் சரிசெய்து திருப்பி அனுப்பும் சேவைகள் சிலவற்றை விசாரித்தேன். எல்லாரும் முதலில் கொடுத்தது முகவரியைத்தான். இவர்கள் மட்டும் பெட்டியை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றார்கள். போனில் பேசிய டெக்னீஷியன் சொன்னது அப்படியே: "சார், டிரைவர் தானா சாகாது. ஏதோ ஒண்ணு அதைக் கொன்னிருக்கு. அது எதுன்னு பார்த்துட்டு அனுப்புங்க."

கையோடு ஒரு படிவமும் வந்தது. பெட்டியைக் குற்றம் சொல்லும் முன்னால் அதன் எர்த்தைப் பார்க்கச் சொல்கிறது அந்தப் படிவம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஈசியூவின் எர்த் பின்னிலும் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரையும் போல்ட்டையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். அடுத்து, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். ஏதாவது ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமாக விழுந்துவிடும், நல்ல பெட்டியும் செத்தது போலத் தெரியும். சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறது என்று பார்த்தால் போதும். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேயைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. இந்த மூன்றைப் பார்த்தாலே பாதிப் பேர் பெட்டியை அனுப்ப மாட்டார்கள் என்பது என் ஊகம். தங்கள் வியாபாரத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும் படிவம் என்றுகூடச் சொல்லலாம்.

என் விஷயத்தில் முக்கியமானது காயில் அளவு. காயிலில் 12 வோல்ட் பாயும் பிரைமரி சுற்றின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்குக் கீழே இருப்பதால் சாதாரண மீட்டரில் ஏமாந்துவிடலாம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்த அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். என் மீட்டரில் அதுவே 0.3 ஓம். அதைக் கழித்தால் மூன்று காயில்கள் 0.7, இரண்டாவது 0.3. உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கரண்ட் அளவுக்கு மீறிப் பாயும், அத்தனை சூட்டையும் டிரைவர்தான் தாங்க வேண்டும். இதே காயிலோடு வேறு எந்தப் பெட்டியை மாட்டியிருந்தாலும் அதுவும் கருகியிருக்கும். சந்தேகமான காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், அங்கே இருக்கும் டிரைவரும் போய்விடும் என்று அந்த டெக்னீஷியன் தனியாக எச்சரித்ததற்கும் இதுதான் காரணம்.

அளவுகளை அனுப்பிய பிறகுதான் பெட்டியை ஏற்றுக்கொண்டார்கள். வேலை நடக்கும்போது வந்த தகவல்கள் சுத்த மோசம். "பணி நடைபெறுகிறது" என்ற ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் பெட்டியோடு வந்த அறிக்கையில் குறை சொல்ல எதுவும் இல்லை. போர்டில் கை வைக்கும் முன்னாலேயே சாஃப்ட்வேர் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பையும் ஈப்ராமையும் படித்து பேக்கப் எடுத்திருந்தார்கள், அந்த ஃபைலையும் எனக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு முன்னால் எடுத்த படத்தில் டிரைவரின் கால்களைச் சுற்றிப் பூச்சு பழுப்பேறிக் கிடக்கிறது. பின்னால் எடுத்ததில் புது டிரைவர், பளிச்சென்ற சோல்டர். பெட்டியை மேஜையில் வைத்து, என்ஜின் சுற்றுவது போல போலி சிக்னல் கொடுத்து, நான்கு காயில், நான்கு இன்ஜெக்டர் வெளியீடுகளையும், சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் எடுத்த படங்களும் இருந்தன. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைச் சோதித்துவிட்டு, நன்றாக இருக்கின்றன, மாற்றவில்லை என்று எழுதியிருந்தார்கள். மாற்றினோம் என்று பில்லில் சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. (1990களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கதை. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டின் செம்புக் கோடுகளையே அரித்துவிடும். மூடியைத் திறந்ததும் மீன் கவிச்சி அடித்தால் அதுதான்.)

சரி, அந்த ஒரு மதிப்பெண். பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பென்று வினிகர் வாடை. மூடியின் விளிம்பில் பூசியிருந்தது, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் சாதாரண சிலிகான். குளியலறை ஓடுகளுக்கு அது சரி, செம்பு இருக்கும் இடத்துக்கு ஆகாது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கினால் போர்டை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு அமிலம் விடாத நியூட்ரல் வகை என்று தனியாக இருக்கிறது. டிரான்சிஸ்டரை இவ்வளவு நேர்த்தியாக மாற்றத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? கேட்டேன். வழக்கமாகப் பூசுவது தீர்ந்துவிட்டதாம், கையில் இருந்ததைப் பூசிவிட்டார்களாம். மூடியை நான் திறந்தால் சீல் ஸ்டிக்கர் கிழியும், வாரண்டி போய்விடும் என்று நான் கிளப்பிய பிறகு, திறந்து மாற்றிக்கொள்ளுங்கள், வாரண்டி அப்படியே இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து நியூட்ரல் சிலிகானை நானே பூசினேன். எழுத்தில் கொடுத்தது நியாயம்தான், ஆனாலும் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கக் கூடாது.

புதுக் காயிலைப் போட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரில் பின் எதுவும் வளையவில்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மாட்டினோம். செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்தது, சாவியை உடனே ஏற்றுக்கொண்டது. ஐடிலிங் மட்டும் கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது. கற்றுவைத்திருந்த அளவுகள் பேட்டரியைக் கழற்றும்போது அழிந்துவிடும், ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகும் என்று அறிக்கையிலேயே இருந்தது, அப்படியே ஆனது. பி0352 அதன்பின் தலைகாட்டவில்லை, ஏற்றத்தில் பிக்கப்பும் பழையபடி இருக்கிறது.

தண்ணீர் புகுந்து போர்டே அரித்துப்போன பெட்டிகளை இவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்தாலும் சோதனைக் கட்டணம் உண்டு, அதனால் படிவத்தில் இருக்கும் சோதனைகளைச் செய்யாமல் அனுப்பாதீர்கள். பேக்கப் ஃபைல் எனக்குக் கிடைத்தது நான் கேட்டதால்தான். அனுப்பும்போதே "பேக்கப் வேண்டும், நியூட்ரல் சிலிகான் மட்டும்" என்று படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.