நியூயார்க்கில் யூத டெலிக்குப் போகிறவர்களுக்கு: பில்லை வாங்கிப் படித்துவிட்டுக் கார்டை நீட்டுங்கள்

இரண்டு பேர் மதியம் சாப்பிட்டதற்கு 135 டாலர் 62 சென்ட் கட்டிவிட்டு வந்தேன். பெரிய நட்சத்திர ஓட்டல் ஒன்றுமில்லை. மன்ஹாட்டனில், டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு யூத டெலி, அதாவது கறி சாண்ட்விச், சூப் எல்லாம் விற்கிற யூதச் சாப்பாட்டுக் கடை. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். புரட்டாசி விரதத்தில் இருந்த சித்தப்பாவைக் கோழி சூப் குடிக்க வைத்துவிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

சித்தப்பா தென்காசிப் பக்கம் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்க்க நியூ ஜெர்சியில் இருக்கும் எடிசனுக்கு வந்திருந்தார். மற்ற மாதங்களில் ஆட்டுக்கறி, மீன் எல்லாம் உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால் முட்டைகூடக் கிடையாது. அன்றைக்கு ரயிலேறி பென் ஸ்டேஷனில் இறங்கி, ஊர் சுற்றும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் சுற்றினோம். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அவருக்கு முழங்கால் வலி வேறு. "எங்கயாவது உக்காந்து சாப்பிடுவோம்ல" என்றார்.

எனக்குள் ஒரு ஆசை ஒளிந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னை ஹூஸ்டன் தெருவில் இருக்கும் கேட்ஸ் டெலிக்கதெசனுக்குக் கூட்டிப் போனார். 1888இல் தொடங்கிய கடை. உள்ளே நுழையும்போதே கையில் ஒரு டிக்கெட் கொடுப்பார்கள். என்ன வாங்குகிறோமோ அதை அதிலேயே கிறுக்கித் தருவார்கள், வெளியே போகும்போது அதைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்தால் 50 டாலர், அதையும் ஒளிக்காமல் எழுதிப் போட்டிருக்கிறார்கள். கறி வெட்டுகிறவர் கத்தியால் ஒரு துண்டு சீவித் தட்டில் வைத்து முதலில் ருசி பார்க்கச் சொன்னார். அந்தத் துண்டின் ருசி இரண்டு வருடமாக நாக்கிலேயே இருந்தது. (நான் பீஃப் சாப்பிடுவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார், அவ்வளவுதான்.)

ஆனால் கேட்ஸ் வரை போக வேண்டுமென்றால் மறுபடி சப்வே ரயில், அப்புறம் வரிசை. சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரிலேயே ஒரு போர்டு தெரிந்தது. எபிரேய எழுத்துபோல வளைத்து எழுதிய ஆங்கிலம், பக்கத்தில் ஆறுமுனை நட்சத்திரம், கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற சலாமி. உள்ளே நுழைந்துவிட்டோம்.

முதல் தப்பு அங்கேதான். அந்த போர்டைப் பார்த்து நான் கோஷர் கடை, அதாவது யூதர்களின் உணவு விதிப்படி நடக்கிற கடை என்று நினைத்துக்கொண்டேன். மெனுவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ரூபன் சாண்ட்விச் என்று ஒன்று இருந்தது. அது பீஃபும் சுவிஸ் சீஸும் சேர்ந்தது. யூதர்களின் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்று சேரவே கூடாது, ஒரே அடுப்படியில்கூட இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். நிஜ சீஸ் வைத்து ரூபன் விற்கிற கடை கோஷர் கடையாக இருக்க முடியாது. "கோஷர் ஸ்டைல்" என்று எழுதியிருந்தால் கோஷர் இல்லை என்றுதான் அர்த்தம். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, கேட்ஸும் அந்த வகைதான்.

வெயிட்டர் வந்தார். ரொம்பச் சிரித்த முகம். எனக்கு பாஸ்ட்ராமி (உப்பில் ஊறவைத்துப் புகையிட்ட மாட்டுக்கறி) சாண்ட்விச், மெனுவில் 26.95. "ஓவர்ஸ்டஃப்டுதானே?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். கறியை நிறைய வைத்துத் தருவதற்கு டெலிகளில் இருக்கும் பேர் அது. டெலி சாண்ட்விச் என்றாலே அப்படித்தானே என்று நான் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு 9 டாலர்.

சித்தப்பாவுக்கு மெனுவில் ஒன்றும் பிடிபடவில்லை. மாட்சோ பால் சூப் என்று படம் போட்டிருந்தது (குடிக்கிற பால் இல்லை, ஆங்கில ball; மாட்சோ என்ற யூத ரொட்டியைப் பொடித்துப் பிடித்த உருண்டை), தெளிந்த சாறில் இரண்டு பெரிய உருண்டை. "இதில் கறி இருக்கிறதா?" என்று வெயிட்டரிடம் கேட்டேன். "கறியா? இல்லவே இல்லை, வெறும் மாவு உருண்டைதான்" என்றார். இவர் மாமிசம் சாப்பிட மாட்டார் என்று சித்தப்பாவைக் காட்டியும் சொன்னேன். "பிரச்சினையே இல்லை சார்." கூடவே லாட்கே, அதாவது உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை. செலரி வாசம் அடிக்கும் செல்ரே சோடா இரண்டு. இது நியூயார்க் டெலிகளுக்கே உரிய பழைய பானம், குடித்துப் பார்க்கட்டும் என்று சொன்னேன். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓமத்தண்ணில சோடா ஊத்தினாப்ல இருக்கு" என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குப் பிடித்தது.

கேட்காமலேயே ஒரு தட்டு ஊறுகாய் வெள்ளரிக்காய் வந்தது. டெலிகளில் ஊறுகாய் சும்மா வைப்பது பழைய வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்துத் தின்றேன்.

சாண்ட்விச் வந்ததும் ஒரு கடியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பாஸ்ட்ராமி செய்வது லேசான வேலை இல்லை. மாட்டின் அடிவயிற்றுப் பக்கக் கறியை நாள்கணக்கில் உப்புநீரில் ஊறப்போட்டு, மேலே கொத்தமல்லி விதையும் மிளகும் இடித்து அப்பி, புகையில் வேகவைத்து, கடைசியில் ஆவியில் வைப்பார்கள். ஓரமெல்லாம் கறுப்பாக அந்த மசாலா ஒட்டியிருக்கும், நம் ரசப்பொடியில் பாதி அங்கே இருக்கும். எனக்கு வந்ததில் கறுப்பு ஓரமே இல்லை. மிஷினில் காகிதம்போலச் சீவிய வெளிறிய ரோஸ் கறி, மேலே சூடு, நடுவில் ஃபிரிட்ஜ் குளிர். புகை வாசம் துளியும் கிடையாது. இது கார்ன்ட் பீஃப். உப்புநீரில் ஊறுவது வரைக்கும் அதுவும் ஒன்றுதான், புகையும் மசாலாவும் படாது. கேட்டால், "எங்கள் பாஸ்ட்ராமி இப்படித்தான்" என்றார் வெயிட்டர். ரை ரொட்டியின் ஓரம் காய்ந்து மேலே சுருண்டிருந்தது. பசி, சாப்பிட்டு முடித்தேன்.

சித்தப்பா சூப்பை முழுக்கக் குடித்திருந்தார். "நல்லாத்தாம்ல இருக்கு, கொஞ்சம் எண்ணெய் மெதக்குது" என்று சொன்னபோதுகூட எனக்குப் பொறி தட்டவில்லை.

அப்புறம் பணம். வெயிட்டர் பில் கொண்டுவரவில்லை. கையடக்கக் கார்டு மிஷினைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் மொத்தத் தொகை மட்டும்: 113.02. கீழே டிப்ஸுக்கு மூன்று பொத்தான், 20, 22, 25 சதவீதம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார், பின்னால் வேறு ஆள் மேசைக்குக் காத்திருக்கிறார். தொகை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, ஆனால் மன்ஹாட்டன்தானே என்று 20ஐ அழுத்திவிட்டேன். 135.62.

"பில் எங்கல?" என்றார் சித்தப்பா.

"மெயில்ல வரும் சித்தப்பா."

"மெயில்ல வந்து என்னத்துக்கு? காயிதத்துல வாங்கு."

இரண்டு தடவை கேட்ட பிறகு அச்சடித்துக் கொடுத்தார்கள். சித்தப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நாற்பது வருடம் லெட்ஜர் பார்த்த விரல். சாண்ட்விச் 35.95. ஊறுகாய் 7.95. சூப் 12.95, லாட்கே 14.95, சோடா இரண்டுக்கு 9.90. கீழே "ஷேரிங்" என்று 6 டாலர். ஒரு சாண்ட்விச்சை இரண்டு பேர் பகிர்ந்தால் அந்தக் கட்டணமாம். மாட்டுக்கறியை என்னோடு பகிர்ந்துகொண்டதாக சித்தப்பா பேரில் 6 டாலர்! லாட்கே வைத்துக்கொள்ள அவர் கேட்டு வாங்கிய காலித் தட்டைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நகரத்து விற்பனை வரி 8.875 சதவீதம், 7.78, அது நியாயம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் "சர்வீஸ் 20%", 17.54. அதாவது டிப்ஸை ஏற்கெனவே சேர்த்துவிட்டு, அந்த மொத்தத்தின் மேல் இன்னொரு டிப்ஸ் என்னிடம் வாங்கியிருக்கிறார்கள். டிப்ஸுக்கு டிப்ஸ், வரிக்கும் டிப்ஸ்.

மெனு விலைப்படி நாங்கள் கேட்டு வாங்கியது 64.75. வரியும் ஒழுங்கான டிப்ஸும் சேர்த்தாலும் 84 டாலரைத் தாண்டியிருக்காது. சித்தப்பா இதை மனக்கணக்கில் எனக்கு முன்னால் போட்டுவிட்டார்.

அப்புறம்தான் விரல் மறுபடியும் மேலே போயிற்று. சூப் வரியில் நின்றது. பில்லில் சுருக்கெழுத்துதான் இருக்கும், தெரியுமல்லவா. "மாட்சோ"வுக்கு முன்னால் மூன்று எழுத்து.

"இந்த சி, ஹெச், கே என்னல?"

எனக்கு வாய் வரவில்லை. அவரே சிக்கன் என்று படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். அதற்குப் பிறகு கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் மெனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடி ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்த இரண்டு வரியைக் காட்டினார். எல்லா மேசைக்கும் 20 சதவீதம் சர்வீஸ், பகிர்ந்தால் 6 டாலர். சூப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "மாட்சோ பால் சூப் என்றால் கோழிச் சாறு என்பது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். கோபம் வந்தாலும் அது உண்மைதான். இந்த ஊரில் அதற்கு "யூத பெனிசிலின்" என்றே செல்லப்பெயர் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் பாட்டி வைத்துத் தருவது. உருண்டையிலும் முட்டை உண்டு, பல இடங்களில் கோழிக்கொழுப்பும் சேர்ப்பார்கள். லாட்கேயிலும் முட்டை. நான் வெயிட்டரிடம் "கறி இருக்கிறதா" என்று கேட்டேனே தவிர, "சாறு எதில் எடுத்தது" என்று கேட்கவில்லை. ஆனால் சாப்பிட மாட்டார் என்று ஆளைக் காட்டிச் சொன்ன பிறகும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கத்தியதில் இரண்டாவது டிப்ஸ், ஊறுகாய், ஷேரிங் மூன்றையும் கழித்துக்கொள்கிறேன் என்று சொன்னார்கள். டிப்ஸ் 22.60 மட்டும் நாலு நாளில் கார்டுக்குத் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நியூயார்க் நகர விதிப்படி ஓட்டல்காரர் மெனு விலைக்கு மேல் இஷ்டத்துக்குக் கட்டணம் ஏற்றக் கூடாது. எட்டுப் பேரோ அதற்கு மேலோ கூட்டமாக வந்தால் சர்வீஸ் சார்ஜ், தட்டைப் பகிர்ந்தால் ஒரு கட்டணம் என்பதுபோலச் சிலது மட்டும் உண்டு. அதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே கண்ணில் படுகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். இரண்டு பேர் மேசைக்கு, கடைசிப் பக்க அடியில் எழுதிவைத்துவிட்டு வாங்குவது எந்தக் கணக்கு? நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கையில் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெலி என்றால் இறைச்சிக் கடை. யூதர்களிலேயே "டெய்ரி" கடை என்று தனி வகை இருக்கிறது. பால் சமைக்கிற கோஷர் அடுப்படிக்குள் இறைச்சி வரவே முடியாது, அவர்கள் விதியே நமக்குக் காவல். மீனும் முட்டையும் இருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். "பார்வே" என்று போட்டிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, ஆனால் முட்டையோ மீனோ இருக்கலாம்.

அடுத்த வாரம் சித்தப்பாவை அப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனேன். செகண்ட் அவென்யூவில் பி அண்ட் ஹெச் டெய்ரி, 1938இலிருந்து இருக்கிற இத்தனூண்டு கடை. வர மாட்டேன் என்றுதான் சொன்னார், கெஞ்சித்தான் வந்தார். கவுன்டரில் உட்கார்ந்து, சாறு எதில் எடுத்தது என்று என்னை மூன்று தடவை கேட்க வைத்தார். பீட்ரூட்டில் செய்கிற போர்ஷ்ட் சூப் வந்தது. கூட வந்த ஹல்லா என்கிற யூத ரொட்டியில் முட்டை உண்டு என்றதும் என் பக்கம் தள்ளிவிட்டார். "பீட்ரூட் ரசம்ல இது" என்று சொல்லி முழுக்கக் குடித்தார்.

பில் வந்தது. நான் பர்ஸை எடுத்தேன். "இருல" என்று என் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தார்.