யோர்டா முதல் ட்ரிகோ வரை: கணினி இயக்கும் துணைப் பாத்திரங்கள், ஓர் ஒப்பீடு

வீடியோ விளையாட்டில் நம்முடன் நடந்து வரும் துணைப் பாத்திரத்தை இயக்குவது கணினிதான் என்பது விளையாடும் எவருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரியும். அப்படித் தெரிந்திருந்தும், சில பாத்திரங்கள் பின்தங்கினால் நின்று திரும்பிப் பார்க்கிறோம். வேறு சில பாத்திரங்கள் காணாமற்போனாலும் கவனிக்காமல் கதவைத் தாண்டிப் போய்விடுகிறோம். பல ஆண்டுகளாக விளையாடியதில் இதற்கான காரணம் துணையின் திறமையில் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். துணை நமக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைவிட, துணைக்காக நாம் எதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதே அதன்மீது பற்று வருவதற்கும் வராததற்கும் அடிப்படையாக இருக்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டுதான் எனக்குப் பிடித்த சில துணைகளையும் அவர்களுக்குப் போட்டியாகப் பலரும் முன்வைக்கும் துணைகளையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில், காப்பாற்றப்பட வேண்டியவர்கள். 2001-இல் வெளியான 'ஐகோ'வில் கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன், யோர்டா என்ற பெண்ணின் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு பாழடைந்த கோட்டையிலிருந்து வெளியேற முயல்கிறான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அவள் கை அவன் கையில் இருக்கும். விரலை எடுத்தால் பிடி விட்டுப்போகும். இருவரும் ஓடும்போது கன்ட்ரோலர் மெல்ல அதிர்ந்து, இழுபடும் கையின் கனத்தை உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது. நிழல் உருவங்கள் தரையிலுள்ள கருங்குழிகளிலிருந்து எழுந்து அவளைத் தூக்கிச் செல்லும். அவள் முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டால் ஆட்டம் முடிந்தது. 2005-இன் 'ரெசிடென்ட் ஈவில் 4'-இல் வரும் ஆஷ்லிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். அவளையும் எதிரிகள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அவளை இழந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். ஆயினும் யோர்டாவை நினைத்தால் வரும் கனிவு ஆஷ்லியை நினைத்தால் வருவதில்லை.

இருவரையும் பிரிப்பது ஒரு நுட்பமான வேறுபாடு. யோர்டா இல்லாமல் கோட்டையின் மந்திரக் கதவுகள் திறக்காது, ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றாலும் இருவரும் கல் இருக்கையில் சேர்ந்து அமர வேண்டும். அதாவது, அவளைக் காப்பதும் முன்னேறுவதும் ஒரே செயலாகின்றன. ஆஷ்லியைக் காப்பதோ, துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே கூடுதலாகச் சுமக்க வேண்டிய ஒரு வேலை. அவளுக்கென்று தனியாக உயிர்க்கோடு, அதாவது மீதமுள்ள உயிரின் அளவைக் காட்டும் கோடு, இருப்பதால், மருந்தையும் அவளோடு பங்கிட வேண்டியிருக்கிறது. 2023-இல் வந்த மறு ஆக்கத்தில் அந்த உயிர்க்கோட்டை எடுத்துவிட்டு, நெருங்கி வா, விலகி இரு என்ற இரண்டு கட்டளைகளை மட்டும் வைத்தது நல்ல திருத்தம். அதனால் எரிச்சல் குறைந்தது என்பது உண்மை. பற்று கூடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தச் சிக்கலை அடியோடு நீக்க முயன்ற விளையாட்டு 2013-இன் 'பயோஷாக் இன்ஃபினிட்'. எலிசபெத்தைச் சண்டையில் பாதுகாக்கத் தேவையில்லை, அவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று தொடக்கத்திலேயே நமக்குத் தெரிவிக்கப்படுகிறது. எதிரிகள் அவளைக் குறிவைப்பதும் இல்லை. தோட்டா தீரும் நேரத்தில் அவள் பெயர் சொல்லி அழைத்துத் தோட்டாவை வீசுகிறாள், காயம் மிகும்போது மருந்தை வீசுகிறாள், வழியில் கிடைத்த நாணயத்தையும் சுண்டி எறிகிறாள். வெளியைக் கிழித்து வேறோர் உலகிலிருந்து கொக்கியையோ தடுப்புச் சுவரையோ தானியங்கித் துப்பாக்கியையோ அவளால் கொண்டுவர முடியும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க முடியும் என்பதால், எதைக் கேட்பது என்று நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. உதவி என்ற அளவில் மட்டும் பார்த்தால் இவளை மிஞ்சும் துணை அரிது. சண்டை இல்லாத நேரங்களில் அவள் சுவரில் சாய்வதும், கடைப் பொருள்களை எட்டிப் பார்ப்பதும், இருக்கையில் அமர்வதும் மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்டவை. இத்தனை இருந்தும், சண்டை சூடுபிடித்தபின் அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் ஒருமுறைகூடத் தேடியதில்லை. தேட வேண்டிய தேவையை விளையாட்டே நீக்கிவிட்டது. நாளடைவில் அவள் சரியான நேரத்தில் ஒளிரும் ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடுகிறாள்.

அதே 2013-இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' எல்லியைப் படைத்த விதத்தை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். பதுங்கிச் செல்லும் கட்டங்களில் எதிரிகளின் கண்ணுக்கு முன்னாலேயே எல்லி குறுக்கே ஓடினாலும் அவர்கள் அவளைக் காண்பதில்லை. இதைப் பெருங்குறை என்போர் உண்டு. துணையின் தவறால் விளையாடுபவர் பிடிபடுவது அநியாயம் என்பதால் செய்துகொண்ட சமரசம் இது, சரியான சமரசம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் குறையை ஈடுசெய்ய, அவளை எப்போதும் நாம் இயக்கும் ஜோயலின் அருகிலேயே வைத்திருக்க உழைத்திருக்கிறார்கள். ஒரே மறைவிடத்தில் இருவரும் ஒதுங்கும்போது அவனுடைய கை அவள்மேல் அணைவாகப் படிகிறது. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆகவே தண்ணீர் வரும் இடமெல்லாம் மரப்பலகை ஒன்றைத் தேடி இழுத்துவந்து அவளை அதில் ஏற்றிக் கடத்த வேண்டும். உயரமான இடமென்றால் அவளைத் தூக்கிவிட, அவள் மேலேயிருந்து ஏணியை இறக்குவாள். இந்தப் பலகையும் ஏணியும் திரும்பத் திரும்ப வருவதால் அலுப்பூட்டுகின்றன என்று பலர் குறைசொல்லியிருக்கிறார்கள். அந்த அலுப்புக்குப் பலன் கடைசிப் பகுதியில் கிடைக்கிறது. குளிர்காலத்தில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு, வசந்தத்தில் ஜோயல் வழக்கம்போல் தூக்கிவிட நின்று அழைக்கிறான், எல்லி வருவதில்லை. ஏதோ நினைவில் ஆழ்ந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணி நேரத்துக்கு மேலாகக் கேட்டவுடன் ஓடிவந்த ஒருத்தி வராமல் இருக்கும்போது நெஞ்சில் விழும் கனத்தை எந்த வசனமும் தந்திருக்க முடியாது. சற்று நேரத்தில், கையிலிருந்த ஏணியைக் கீழே போட்டுவிட்டு எதையோ கண்டு அவள் உற்சாகமாக ஓடுவதும் அதே பழக்கத்தை உடைத்துத்தான் நம்மைத் தொடுகிறது. எலிசபெத்தின் நாணயச் சுண்டலுக்கு இப்படி ஒரு மறுபயன் கிடைக்கவே இல்லை.

எல்லியைவிடவும் ஒருவகையில் முழுமையான துணையை அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நான் சந்தித்திருந்தேன். 2006-இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் ஒன்'-இல் அலிக்ஸ் வான்ஸ் கிட்டத்தட்ட முழு விளையாட்டிலும் நம்முடன் வருகிறாள். நிலத்தடியில் விளக்குகள் அணைந்த பகுதி ஒன்றில் நம்மிடம் டார்ச் இருக்கிறது, அவளிடம் துப்பாக்கி இருக்கிறது. நாம் எந்தத் திசையில் ஒளியைப் பாய்ச்சுகிறோமோ அங்கேதான் அவளால் குறிபார்த்துச் சுட முடியும். டார்ச்சின் சக்தியோ விரைவில் தீர்ந்துபோவது. ஒளியை எங்கே திருப்புவது, எப்போது அணைத்துச் சேமிப்பது என்ற கவலை முழுவதும் அவளைச் சுற்றியே அமைகிறது. யார் யாரைக் காக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த ஏற்பாடு, கட்டளை மெனுவோ உயிர்க்கோடோ இல்லாமல் டார்ச் ஒன்றைக் கொண்டே நிகழ்த்தப்பட்டது. குறை என்று சொன்னால், அது அந்தப் பகுதியோடு முடிந்துவிடுகிறது என்பதுதான்.

கட்டளைகளால் ஆன துணைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2006-இன் 'ஃபைனல் ஃபேன்டசி 12'-இல், கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழ் இறங்கினால் குணப்படுத்து என்பது போன்ற விதிகளை நாமே வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். அது அருமையான கருவி, ஆனால் அங்கே நாம் நேசிப்பது நம்முடைய விதிகளைத்தான். 2012-இன் 'டிராகன்ஸ் டாக்மா'வில் நாம் உருவாக்கிய துணையைப் பிறர் இணையம்வழி அழைத்துச் சென்று, புதிய அனுபவத்தோடு திருப்பி அனுப்புவது புதுமையான எண்ணம். 'ஸ்கைரிம்' லிடியாவுக்கு அன்பர்கள் ஏராளம். குறுகிய வாசல்களில் அவள் வழிமறித்து நின்ற நேரங்களே எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன.

நான் முதலிடம் தருவது ட்ரிகோவுக்கு. 'ஐகோ'வை இயக்கிய ஃபுமிடோ உவேதாவே இயக்கி, 2009-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல்தான் வெளிவந்த 'த லாஸ்ட் கார்டியன்'-இன் மாபெரும் விலங்கு அது. உடல் இறகால் மூடியது, அசைவில் பூனையும் நாயும் கலந்தது. நாம் இயக்கும் சிறுவன் கைகாட்டி அழைத்தால் உடனே வராது. தலையைச் சாய்த்துப் பார்க்கும், வேறெங்கோ முகரும், சில நேரம் கேட்காததுபோல் உடலை நக்கிக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து விளையாட்டை நிறுத்தியவர்கள் பலர். அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு, ஏனெனில் குறுகலான இடங்களில் விலங்கின் உடலில் முட்டித் தடுமாறும் கேமரா எனக்கும் தலைவலியைத் தந்திருக்கிறது. ஆனால் தாமதத்தையும் கேமராவையும் ஒரே குறையாக எண்ணுவது தவறு. கேமரா தொழில்நுட்பக் குறை. தாமதம் அந்த விலங்கின் மனம். எலிசபெத்தின் உதவி பிசகாமல் வருவதால் அதை எதிர்பார்க்க மறந்தோம். ட்ரிகோவின் உதவி உறுதியற்றது என்பதால் அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது, கண் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். யோர்டாவின் கையைப் பற்றிய விரலைப் போலவே இங்கும் கவனம் விலகுவதில்லை. வேறுபாடு, இம்முறை பெரியது அது, சிறியவர்கள் நாம்.

கண் வடிவம் பதித்த கண்ணாடி எதிரே இருந்தால் ட்ரிகோ அஞ்சி ஓரடிகூட எடுத்துவைக்காது. அத்தனை பெரிய விலங்குக்காகச் சிறுவன்தான் போய் அதை உடைக்க வேண்டும். சண்டை முடிந்த பின்னும் அது வெறிபிடித்து உறுமிக்கொண்டிருக்கும். முதுகில் ஏறி, தைத்திருக்கும் ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, இரத்தம் படிந்த இறகுகளை அது அமைதியாகும் வரை தடவிக் கொடுக்க வேண்டும். செய்யாமல் போனால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு இதுவரை மனம் வந்ததில்லை.