கேம்பர் டிரெய்லருக்கு எந்தப் படி: தொங்கும் படியா, ஊன்றும் படியா?

போன நவம்பரில் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எங்கள் கேம்பர் டிரெய்லரை, அதாவது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியை, நிறுத்தியிருந்தோம். விடியற்காலையில் அம்மா இறங்கும்போது படியின் இடது பக்க ரிவிட் கழன்றுவிட்டது. படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தார். "கண்ணு, ரெண்டு மாசமா ஆடுது ஆடுதுன்னு சொல்லிக்கிட்டேதான இருந்தேன்" என்றார். உண்மைதான். போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆட்டம் போல்ட்டில் இல்லை, மடிப்பு மூட்டுகளில் இருந்தது. ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டால் எத்தனை முறுக்கு முறுக்கினாலும் ஆட்டம் நிற்காது.

சேலம் திரும்பியதும் பழைய படியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாற்றாக என்னென்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். வண்டி எங்கே நிற்கும், யார் ஏறுவார்கள் என்ற இரண்டும் தெரியாமல் படி வாங்கக் கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

முதலில் அளவு. சமதரையில் என் வண்டியின் வாசல் தளம் 72 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பழைய படிக்கு இரண்டு மிதிகள் (கால் வைக்கும் தட்டுகள்). அப்படியென்றால் கால் மூன்று முறை ஏற வேண்டும், ஒவ்வொன்றும் 24 செ.மீ. வீட்டு மாடிப்படியில் நம் கொத்தனார்கள் வைக்கும் உயரம் ஆறு அங்குலம், மிஞ்சினால் ஏழு. இரண்டு ஏற்றங்களின் உயரத்தையும் ஒரு மிதியின் அகலத்தையும் கூட்டினால் 60 முதல் 65 செ.மீ.க்குள் வர வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டெல் பெயரில் வழங்குவது. பழைய படிக்கு 24, 24, மிதி 20, மொத்தம் 68. அம்மா ஏறும்போதெல்லாம் முழங்காலில் கை ஊன்றியதற்குக் காரணம் இதுதான். மூன்று மிதி வைத்தால் நான்கு ஏற்றம், ஒவ்வொன்றும் 18 செ.மீ.; மிதி 25 என்றால் கூட்டுத்தொகை 61. இதைத்தான் இலக்காக வைத்துக்கொண்டேன்.

ஆனால் 72 என்பது சேலத்து வீட்டு வாசலில் எடுத்த அளவு. மலையில் அது நிற்காது. கதவு நம் ஊர் வண்டிகளில் இடது பக்கம். நிலம் இடது பக்கமாகச் சரிந்திருந்தால் டிரெய்லரை மட்டப்படுத்த இடது சக்கரத்தின் கீழே பலகை வைத்துத் தூக்குவோம். சரிவு 12 செ.மீ. என்றால் கதவுத் தளமும் தரையிலிருந்து அவ்வளவு உயர்ந்து 84 ஆகிவிடும். அந்த 12 செ.மீ. எல்லாப் படிக்கும் பங்கிட்டுப் போகாது. தரையைத் தொடாமல் வண்டியில் தொங்கும் படியில் அது முழுவதும் கடைசி மிதிக்கும் தரைக்கும் நடுவில் வந்து விழும். 24 ஆக இருந்த அந்த ஒரு ஏற்றம் 36 ஆகும். இருட்டில், பனியில், வயதானவர்கள் தரையைத் தேடிக் கால் நீட்டுவது அந்த இடத்தில்தான். முடிந்தால் கதவு மேட்டுப் பக்கம் பார்க்க வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். மழையில் மேட்டுத் தண்ணீர் வாசலுக்கு வரும் என்றால் ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிட்டால் போதும்.

இப்போது படிகளுக்கு வருவோம்.

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கையால் இழுத்து மடக்கும் படி. சேஸிஸ் என்னும் வண்டியின் அடிச்சட்டத்தில் தொங்கும். இழுத்தால் வரும், தூக்கித் தள்ளினால் உள்ளே போகும். விலை குறைவு, எடை குறைவு, வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் ஒரு நொடியில் ஏறி இறங்கலாம். குறை எங்கே என்றால் பாரம் போகும் வழியில். 80 கிலோ ஆள் ஒருவர், போல்ட் இருக்கும் இடத்திலிருந்து 40 செ.மீ. வெளியே நிற்கிறார் என்று வையுங்கள். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 8 செ.மீ. 80ஐ 40ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 400. மேல் வரிசை போல்ட்டுகளை 400 கிலோ வெளியே பிடித்து இழுக்கிறது, அதுவும் ஆள் அசையாமல் நின்றால். குழந்தைகள் குதித்து இறங்கினால் இன்னும் கூடும். போல்ட் இதற்கெல்லாம் அஞ்சாது, 8.8 தரத்து 10 எம்.எம். போல்ட் ஒன்றே 3 டன்னுக்கு மேல் இழுவை தாங்கும். முறுக்கிக்கொள்வது அந்தப் போல்ட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய சேனல் (ப வடிவ இரும்புச் சட்டம்). என் வண்டியிலும் படியைக் கழற்றியபோது சேனல் முறுக்கிக்கொண்டு வளைந்திருந்தது. புதுப் படியை அதே இடத்தில் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு வருடத்தில் தலை சாய்ந்திருக்கும்.

ஆகவே இந்தப் படியே போதும் என்று முடிவு செய்பவர்கள், படிக்குச் செலவு செய்வதற்கு முன் அந்தச் சேனலைப் பலப்படுத்துங்கள். உள்ளே இருக்கும் அடுத்த குறுக்குச் சட்டம் வரைக்கும் 40 எம்.எம். ஆங்கிளில் இரண்டு முட்டுக் கொடுத்தால் முறுக்கு நின்றுவிடும்.

அடுத்தது மோட்டார் படி. 12 வோல்ட். கதவைத் திறந்தால் வெளியே வரும், மூடினால் உள்ளே போகும். தூலே, லிப்பர்ட்டின் க்விக்கி ஆகியவை வெளிநாடுகளில் பேர் பெற்றவை. பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் இது என்ஜினும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார் கேரவனுக்குப் பிறந்த பொருள். அதில் சாவியைத் திருப்பினாலே படி உள்ளே போய்விடும்படி இணைப்புக் கொடுக்கலாம். இழுத்துச் செல்லும் டிரெய்லரில் அந்தச் சாவி முன்னால் இருக்கும் ஜீப்பில் இருக்கிறது. தனியாக ஒரு ஒயர் இழுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். மழைக்காலச் செம்மண் சேறு மூட்டுகளில் ஏறிக் காய்ந்தால் மோட்டார் திணறும். ஒரு பல்சக்கரம் போனால் உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். மலையில் சிக்கினால் கையால் தள்ளி உள்ளே போட்டுக் கம்பி கட்டித்தான் இறங்க வேண்டும். இதை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். தினமும் பத்து இடத்தில் நிறுத்தி ஏறி இறங்குபவர்களுக்கு, பெரிய கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

லாரிக்கு வைப்பதுபோல் நிலையாக ஒரு இரும்புப் படி வெல்டு வைத்துவிடலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளில் நொடியில் செய்து கொடுப்பார்கள், உறுதியிலும் குறை இருக்காது. ஆனால் லாரிப் படி ஏணி மாதிரி. டிரைவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கேபினைப் பார்த்தபடி ஏறுவார். கையில் காப்பித் தம்ளரோடு இறங்குகிற வாசலுக்கு அது ஆகாது. இன்னொன்று: ஏற்காடு ஏறும் பெரிய சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் டிரெய்லரின் சக்கரம் இழுக்கும் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது வளைவில் உள்பக்கம் என்பது நம் கதவுப் பக்கம். வெளியே நீட்டிக்கொண்டோ தாழத் தொங்கிக்கொண்டோ இருக்கும் எதுவும் ஓரக் கல்லில் உரசும். மடக்கும் படியிலும் பூட்டு தளர்ந்திருந்தால் இதே கதிதான்.

கடைசியாக, நான் தேர்ந்தெடுத்தது: கால் ஊன்றும் படி. வெளிநாட்டில் லிப்பர்ட்டின் சாலிட்ஸ்டெப், மோர்ரைடின் ஸ்டெப்அபவ் என்று கிடைக்கிறது. வாசல் தளத்தின் விளிம்பிலேயே கீல் வைத்து, கீழ் முனையில் நீட்டிச் சுருக்கும் இரண்டு கால்கள் தரையில் ஊன்றும். பயணத்தின்போது படி முழுவதும் மடங்கி வாசலுக்குள் நின்றுகொள்ளும், கதவு அதற்கு வெளியே மூடும். இங்கே பாரத்தில் பாதி தரைக்குப் போகிறது, பாதி கீலுக்கு. சேஸிஸை முறுக்கும் அந்த 400 கிலோ இழுவை இல்லை. ஏறும்போது வண்டி ஸ்பிரிங்கில் சாய்ந்து ஆடுவதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதல் முறை ஏறிப் பார்த்த அம்மா, "வீட்டுப் படி மாதிரி இருக்குது" என்றார்.

குறைகளும் உண்டு. வழியில் உள்ளே போய்த் தண்ணீர் பாட்டில் எடுக்க வேண்டுமென்றால்கூடப் படியைக் கீழே இறக்க வேண்டும். சேற்றோடு மடக்கினால் சேறு வீட்டுக்குள் விழும். ஒரு பழைய பிரஷ்ஷைக் கதவோரம் மாட்டியிருக்கிறேன். சரிவில் கால்களை நீட்டி மிதிகளை மட்டமாக்கலாம், ஆனால் கடைசி ஏற்றம் கூடுவதை இதுவும் தடுக்காது. 18 என்பது 30 ஆகும். 36க்கு இது பரவாயில்லை, இருந்தாலும் முன்னால் போட ஒரு பலகைக் கட்டை வைத்திருக்கிறேன். மழை ஊறிய மண்ணில் கால் இறங்கும். அடியில் 10 செ.மீ. சதுரத் தகடு வைத்தும் இறங்கியது. இப்போது இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே சில்வர் ஓக் பலகை போடுகிறேன்.

வெளிநாட்டுப் படியை இறக்குமதி செய்யாமல் சேலத்திலேயே செய்தேன். நல்ல பட்டறைக்குக் குறைவில்லாத ஊர். செலவு 9,000 ரூபாய்ச் சில்லறை. பொருள் எது என்பதில்தான் நிறைய யோசித்தேன். 60க்கு 25 செ.மீ. மிதி ஒன்றுக்கு 3 எம்.எம். இரும்புத் தகடு சுமார் மூன்றரைக் கிலோ. அதே அளவு அலுமினியம் ஒன்றேகால் கிலோகூட வராது. தினமும் தூக்கி மடக்குவது நாம்தானே, மிதிகளுக்கு அலுமினியம் செக்கர் பிளேட் (வழுக்காமல் மேடு வரிகள் வைத்த தகடு). பக்கச் சட்டமும் அலுமினியம். கீலும் அச்சுக் கம்பியும் மட்டும் எவர்சில்வர், அதுவும் சீக்கிரம் துரு காட்டாத 304 தரம். ஸ்டீல் பிளாண்ட் உள்ள ஊர் என்பதால் எல்லோரும் காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டலை, 304தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த 202 மழையில் சீக்கிரம் துரு காட்டும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும், ஆகவே நடுவில் ரப்பர் ஷீட் வைக்க வேண்டும்.

மிதியின் மேற்பரப்பு பற்றி வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வது நமக்கு அப்படியே உதவாது. அவர்கள் ஷூவோடு ஏறுகிறார்கள். நாம் செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலில் ஏறுகிறோம். ஓட்டையும் பல்லும் வைத்த கிரேட்டிங் சேற்றுக்கு நல்லது, உள்ளங்காலுக்கு ஆகாது. மணல் ஒட்டிய கிரிப் டேப் இரண்டு மழையில் ஓரம் கிளம்பிவிடும். செக்கர் பிளேட்டில் தண்ணீர் வடிய 10 எம்.எம். ஓட்டைகள் போட்டு, விளிம்பை உருட்டித் தேய்த்து, முன் ஓரத்தில் மஞ்சள் பட்டை அடித்தேன். அப்புறம் அந்தச் செருப்புகள்! எல்லோரும் கடைசி மிதியில்தான் விடுவார்கள், இருட்டில் இறங்குபவர் அதில்தான் கால் வைப்பார். பக்கச் சட்டத்தில் ஒரு சின்னச் செருப்புத் தட்டு மாட்டிய பிறகுதான் மிதி காலியானது.

மாட்டும்போது கவனித்தவை. சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, மூலை ஜாக்குகள் இறக்கியபடி, காஸ் சிலிண்டர் வண்டியை விட்டு வெளியே. வெல்டிங் உண்டென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். வாசல் விளிம்பில் ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். என் வண்டியில் கதவடிப் பிளைவுட் இரண்டு சாண் அளவுக்கு ஊறிப் பஞ்சாக இருந்தது. அதை வெட்டி எடுத்து மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) போட்டு, அடியில் 5 எம்.எம். பட்டைத் தகடு கொடுத்து, கீல் போல்ட் தளத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி செய்தோம். கீலை மரத்தில் மட்டும் ஸ்குருவால் அடித்தால் அது நிற்காது. மெயின் சேனலில் ஓட்டை போட நேர்ந்தால் நடுப்பட்டையில் போடுங்கள். மேல் கீழ் விளிம்புகளில் துளைத்தால் சட்டம் அந்த இடத்தில் விரிசல் விடும். வெட்டிய இடங்களுக்கு அன்றைக்கே ரெட் ஆக்சைடு பெயிண்ட்.

கைப்பிடியை மறக்கக் கூடாது. கதவோரம் 32 எம்.எம். குழாய், வெளிப்பக்கம் மடங்குவது. சுவர் மெல்லிய தகடும் தெர்மாகோலும்தான் என்பதால் உள்பக்கம் ஒரு தகடு வைத்து ஊடுருவிப் போல்ட் போட்டோம். உயரத்தை டேப்பால் குறிக்கவில்லை. அம்மாவைக் கடைசி மிதியில் நிற்கவைத்து, கை தானாக எங்கே போனதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டோம்.

எல்லா நட்டும் நைலாக், அதாவது எளிதில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தவை. ஆனாலும் முதல் முறை ஏற்காடு ஏறி இறங்கியதும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். இரண்டு நட்டு கால் திருப்பு வாங்கின. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், டயர் காற்று பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடுகிறேன்.