சம்பளப் பிடித்தத்தில் வாங்கிய சைக்கிள்: 14 மாதம் ஓட்டிய பிறகு

பிரிட்டனில் ஆபீஸ் வழியாக 'சைக்கிள் டு வொர்க்' திட்டத்தில் சைக்கிள் எடுக்கலாமா என்று கேட்டால் எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் '47% வரை மிச்சம்' என்ற விளம்பரத்தில் அந்த 'வரை'யை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு எடுங்கள். அது 45% வருமான வரி கட்டுகிறவரின் கணக்கு. என்னைப் போல 20% அடுக்கில் இருப்பவருக்கு வரி 20, நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) 8, ஆக 28தான், அதுவும் முழுசாகக் கையில் நிற்காது.

நாம் சைக்கிளை வாங்குவதாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் காகிதத்தில் அது வாடகை. கம்பெனி வாங்கி நமக்கு வாடகைக்கு விடுகிறது, அந்த வாடகையை வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழித்துக்கொள்கிறது, மிச்சம் வருவது அங்கேதான். என் பில் சைக்கிள் 880, ஹெல்மெட், லைட்டு, பை எல்லாம் சேர்த்து 120, மொத்தம் 1,000 பவுண்டு. பேஸ்லிப்பில் 12 மாதமும் 83.33 என்று காட்டும், கைக்கு வரும் சம்பளத்தில் குறைந்ததோ மாதம் 60. ஆக 720 பவுண்டு. இதுவரை சந்தோஷம்தான்.

ஒரு வருடம் முடிந்ததும் ஒரு மெயில் வரும். சைக்கிள் இன்னும் உங்களுடையது இல்லை, என்ன செய்யப் போகிறீர்கள்? உடனே சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமென்றால் வரித்துறையின் அட்டவணைப்படி ஒரு வயது சைக்கிளின் மதிப்பு 25%, அதாவது இன்னொரு 250 பவுண்டு. அதைக் கட்டினால் மொத்தம் 970, இத்தனை ஃபாரம் நிரப்பியதற்கு 30 பவுண்டு மிச்சம்! நல்லவேளையாக எனக்கு இன்னொரு வழியும் கொடுத்தார்கள்: 7% டெபாசிட், 70 பவுண்டு, கட்டிவிட்டு வாடகைக் காலத்தை இன்னும் 3 வருடம் நீட்டிக்கொள்வது. மாத வாடகை கிடையாது, கடைசியில் அந்த டெபாசிட்டையே விலையாக எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் டிக் செய்தேன். எனக்கு உண்மையில் மிஞ்சியது 210 பவுண்டு. 40% வரி கட்டுகிற பக்கத்து சீட்டுக்காரருக்கு இதே பில்லில் 350 மிஞ்சும், பொறாமைப்பட்டுப் பயனில்லை.

கடையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், பெயர் வேண்டாம். முதலில் கொட்டேஷன் வாங்கி, ஹெச்ஆர் ஒப்புதல் கொடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் வவுச்சர் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் அதே மாடலுக்கு 15% தள்ளுபடி போர்டு மாட்டிவிட்டார்கள். ஆசையாகப் போய்க் கேட்டால், "வவுச்சருக்கு சேல் விலை கிடையாது சார், எங்களுக்கு அதில் கமிஷன் போகிறது" என்றார் கல்லாவில் இருந்தவர். அவர் மேல் கோபமில்லை, திட்டம் நடத்தும் நிறுவனங்கள் கடைக்காரரிடம் கமிஷன் எடுப்பது உண்மைதான். ஆனால் 15% என்றால் 132 பவுண்டு, கார்டைத் தேய்த்தே வாங்கியிருந்தால் அதற்கும் திட்டத்துக்கும் 78 பவுண்டுதான் வித்தியாசம். இன்னொரு கூத்து, கொட்டேஷனில் பூட்டைச் சேர்க்க மறந்துவிட்டேன். வவுச்சர் தொகையை அப்புறம் மாற்ற முடியாது, நல்ல டி-லாக்குக்கு 65 பவுண்டு கைக்காசு.

சரி, சைக்கிள் எப்படி? அருமை. ஷிமானோ நெக்ஸஸ் 8 ஸ்பீடு, கியர் எல்லாம் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே இருப்பதால் மழையும் சேறும் அதைத் தொடுவதில்லை, சிக்னலில் நின்ற இடத்திலேயே கியரைக் குறைத்துக்கொள்ளலாம், காலையில் ஆறு சிக்னல் தாண்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓட்டினால்தான் தெரியும். முழு மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாம் கூடவே வந்ததால் ஆபீஸ் பேண்ட்டிலேயே போகிறேன். கனம் மட்டும் கொஞ்சம் அதிகம், ஸ்டேஷன் படிக்கட்டில் தூக்கும்போது தோள்பட்டை பேசும். பின் டயர் பங்சரானால் கியர் கேபிளைக் கழற்றிச் சக்கரத்தை எடுப்பது முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, கையெல்லாம் கறுப்பு, அன்றைக்கு மீட்டிங்குக்கு லேட்.

1999-ல் வந்த திட்டம். ரொம்ப நாள் 1,000 பவுண்டோடு நின்றுகொண்டிருந்த வரம்பை 2019-ல் தளர்த்திவிட்டதால் இப்போது மின்சார சைக்கிளும் பலர் இதில் எடுக்கிறார்கள். உங்கள் கம்பெனி என்ன வரம்பு வைத்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது கிடையாது. பிடித்தம் போக சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகும் என்றாலும் கிடையாது, அதாவது மலிவான சைக்கிள் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே கதவு மூடி இருக்கிறது, இது எனக்குக் கடைசிவரை உறுத்துகிறது. வேலை மாறும் யோசனையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் டீமில் ஒருவர் ஐந்தாவது மாதம் விலகினார், பாக்கி ஏழு மாதத் தொகையையும் கடைசிச் சம்பளத்தில் ஒரே அடியாகப் பிடித்துவிட்டார்கள், அதுவும் வரி போன பிறகு.

மற்றபடி இந்த 14 மாதத்தில் என் சைக்கிளில் கெட்டுப்போனது பெல் ஒன்றுதான். துருப்பிடித்து இருமுகிறது. அதற்கெல்லாம் வவுச்சர் கிடையாது, ஆறு பவுண்டு.